விழலாம், குதிரையோடு சிக்கக் கூடாது

பிள்ளையை ரைடிங் வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "விழுந்தா என்ன ஆகும்?" என்பதுதான். சவாரி கற்றுக்கொள்ளும் யாரும் என்றாவது ஒருநாள் மணலில் விழத்தான் செய்வார்கள். பெரும்பாலான விழுதல்கள் சிராய்ப்போடும் இரண்டு நாள் உடம்புவலியோடும் முடிந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: விழும்போது உடம்பின் எந்தப் பாகமாவது குதிரையோடு மாட்டிக்கொண்டிருக்குமா? அரீனாவில், அதாவது சவாரி பழகும் மணல்திடலில், நடக்கும் கொடிய விபத்துகளில் பல இப்படித்தான் நேர்கின்றன: சேணத்திலிருந்து தொங்கும் ஸ்டிரப் எனும் மிதிவளையத்தில் கால் மாட்டுகிறது, கை கடிவாள வாரிலோ கயிற்றிலோ சுற்றிக்கொள்கிறது, அல்லது குதிரையே ஆளின்மேல் சாய்கிறது. 500 கிலோ எடையுள்ள ஒரு விலங்கிடமிருந்து சுத்தமாகப் பிரிந்து விழுந்தவர், அநேகமாக எழுந்து நடந்து வருவார்.

ஸ்டிரப்பிலிருந்து தொடங்குவோம், மிகக் கொடுமையானது அதுதான். ஆள் விழுந்தும் கால் மட்டும் மாட்டிக்கொண்டால், குதிரை தன் வயிற்றுக்குக் கீழே தொங்கும் அந்தப் பாரத்தைப் பார்த்து மிரண்டு ஓடும். ஓட ஓட பின்னங்கால்கள் அந்த உடம்பில் படும், பட்டதும் இன்னும் வேகமாக ஓடும். யாரும் கூவி நிறுத்த முடியாது. இதைத் தடுக்கும் வேலை முழுவதும் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஸ்டிரப்பின் உள் அகலம் காலணியைவிட 2 முதல் 2.5 செ.மீ கூடுதலாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் பாதம் இறுகி வெளியே வராது. ரொம்ப அகலமாக இருந்தால், முக்கியமாகப் பெரியவர்களுடைய சேணத்தில் பிள்ளையை ஏற்றும்போது, முழுப் பாதமும் உள்ளே நழுவிக் கணுக்கால்வரை போய்விடும். காலணிக்குக் குதிகால் கட்டாயம், அடிப்பாகம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். ஓட்டப் பயிற்சிக்குப் போடும் ஷூவில் குதிகாலும் இல்லை, அடியில் உள்ள பள்ளமேடுகள் ஸ்டிரப்பில் கவ்விக்கொள்ளவும் செய்யும். முதல் வகுப்புதானே என்று அதைப் போட்டு அனுப்பும் பெற்றோர் பலர். அப்படி வந்த பிள்ளையை ஏற்றாமல் திருப்பி அனுப்பும் கோச்சை மதிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு ஸ்டிரப்பில் ஒரு பக்கம் இரும்புக்குப் பதில் ரப்பர் வளையம் மாட்டியிருக்கும். அந்த வளையம் எப்போதும் வெளிப்பக்கம், அதாவது குதிரையின் வயிற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். சேணத்தை மாற்றி மாற்றிப் பூட்டும் பரபரப்பில் இது உள்பக்கமாகத் திரும்பியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். நம் சிங்கப்பூர் வெயிலிலும் ஈரத்திலும் அந்த ரப்பர் சீக்கிரம் வெடிப்பு விடும். நகத்தால் கீறிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். வளையம் அறுந்துபோனால் அந்த இடத்தில் தலைமுடி கட்டும் பேண்டையோ சணல் கயிற்றையோ மாட்டுவது தவறு. ஒன்று உடனே கழன்று பிள்ளையைத் தடுமாற வைக்கும், மற்றது கழலவே கழலாது.

இன்னொரு இடம் பலர் கண்ணில் படுவதே இல்லை. சேணத்தின் ஓரத் தோலைத் தூக்கினால், ஸ்டிரப் வார் தொங்கும் இரும்புக் கம்பியும் அதன் நுனியில் மடங்கும் சிறிய நாக்கும் தெரியும். அந்த நாக்கு கிடைமட்டமாகத் திறந்திருக்க வேண்டும். ஆள் இழுபடும்போது வார் பின்பக்கமாக வழுக்கிக் கழன்று வருவதற்கான வழி அது. நாக்கை மேலே மடித்துவிட்டால் வழி அடைபடும். திறந்திருந்தாலும் துருவும் காய்ந்த சேறும் சேர்ந்து வார் நகராமல் நிற்கலாம். வாரம் ஒருமுறை வாரைக் கையால் பின்னுக்கு இழுத்துக் கழற்றிப் பாருங்கள்.

வயிற்று வார் தளர்ந்து சேணம் பக்கவாட்டில் உருளுவதும் கிட்டத்தட்ட இதே ஆபத்துதான். சேணத்தோடு ஆளும் குதிரையின் வயிற்றுக்கடியில் போய்விடுவார். பூட்டும்போது குதிரை மூச்சை இழுத்து நெஞ்சை உப்பும், தசைகளை இறுக்கும். பத்து நிமிடம் நடந்ததும் ஒன்றிரண்டு துளை தளர்ந்துவிடும். எனவே மூன்று முறை பார்க்க வேண்டும்: ஏறுவதற்கு முன், ஏறி உட்கார்ந்ததும், முதல் பத்து நிமிட நடை முடிந்ததும். வாருக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரலைத் தட்டையாக நுழைத்தால் இறுக்கமாக நுழைய வேண்டும். ஒரே இழுப்பில் இறுக்காமல், இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளையாக ஏற்றுங்கள். பக்கிள் வார்களின் தையலையும் திருப்பிப் பாருங்கள். இங்கே தோல் சாமான்களில் பூஞ்சை பிடிப்பது அன்றாட விஷயம். பூஞ்சையைத் துடைத்துவிடலாம், ஆனால் அதற்கடியில் இற்றுப்போன நூலைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

ஏறும் நேரமும் அப்படித்தான். ஒரு கால் ஸ்டிரப்பில், மறு கால் காற்றில் இருக்கும்போது குதிரை நகர்ந்தால் பிடிமானமே கிடையாது. ஏறுபடியை வைத்துத்தான் ஏற வேண்டும். இடது கையில் கடிவாள வாரும் ஒரு பிடி பிடரிமயிரும் சேர்ந்து இருக்கட்டும், ஸ்டிரப்பில் கால் விரல் குதிரையின் வயிற்றில் குத்தாமல் இருக்கட்டும். முதல் சில மாதங்களுக்கு குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் ஒருவர் குதிரையின் தலைப்பக்கம் நிற்பதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

அடுத்தது கை. 1995 மே மாதம் அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் ஒரு போட்டியில் ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டோபர் ரீவின் குதிரை, தடைக்கு முன் திடீரென நின்றது. அவர் முன்னால் போனார், கைகள் கடிவாளத்தில் சிக்கிக்கொண்டன. ஊன்றக் கையில்லாமல் தலைகீழாக இறங்கி, கழுத்தின் மேல் எலும்புகள் உடைந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. தடை அப்படி ஒன்றும் உயரமானதல்ல. வாரை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிப் பிடிக்கக் கூடாது என்று கோச் கத்துவது இதற்காகத்தான். விழப்போகிறோம் என்று தெரிந்ததும் வாரை விட்டுவிட வேண்டும். குதிரை அரீனாவுக்குள் தப்பி ஓடினால் ஓடட்டும், வாசல் மூடியிருந்தால் அது எங்கும் போய்விடாது. வாசலை மூடுவது விதியாக இருப்பதும் அதற்குத்தான்.

தரையில் நின்றபடி குதிரையை வட்டமாகச் சுற்றவிடும் லன்ஜ் பயிற்சியைப் பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். கை விரல் போகும் விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன. லன்ஜ் கயிறு 7, 8 மீட்டர் நீளம். அதை உள்ளங்கையில் வளையம் வளையமாகச் சுற்றி வைத்திருக்கும்போது குதிரை பாய்ந்தால், வளையம் சுருக்காக இறுகும். கயிற்றை நாடா மடிப்பதுபோல முன்னும் பின்னுமாக மடித்து, மடிப்புகளின் நடுவைப் பிடித்துக்கொள்ளுங்கள், எந்த மடிப்புக்குள்ளும் விரலோ கட்டைவிரலோ நுழையக் கூடாது. கயிற்றின் கடைசியில் தைத்திருக்கும் கைப்பிடி வளையத்தைப் பலர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். அதை வெட்டி எறிவதே நல்லது. கையுறை இல்லாமல் லன்ஜ் செய்யாதீர்கள். கயிறு உரசினால் உள்ளங்கைத் தோல் நொடியில் உரிந்துவிடும். கயிறு தரையில் தொங்கினால் உங்கள் காலையோ குதிரையின் காலையோ சுற்றும், ஆகவே தொய்வே விடக் கூடாது. பின்னங்கால் எட்டாத தூரத்தில் நில்லுங்கள். சேணம் பூட்டியிருந்தால் ஸ்டிரப்புகளை மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள். கடிவாளத்தைச் சேணத்தின் பக்கத்தோடு இணைக்கும் பக்க வார்களை முதல் நிமிடத்திலேயே இறுக்கமாக மாட்டினால், முன்னால் போக வழியில்லாத குதிரை மேலே எழும்பும்.

அப்படி எழும்புவதில்தான் மூன்றாவது ஆபத்து. குதிரை பின்னங்காலில் நின்றால் பயத்தில் எல்லாரும் செய்வது வாரைப் பிடித்து இழுப்பது. அந்த இழுப்பு போதும், குதிரை மல்லாக்க விழுந்துவிடும், சேணத்தின் முன்முனை சவாரியாளரின் நெஞ்சிலோ இடுப்பிலோ இறங்கும். செய்ய வேண்டியது நேர் எதிர்: உடம்பை முன்னால் சாய்த்து, கைகளைக் குதிரையின் கழுத்தோடு முன்னே நீட்டி, வாரை முழுதாகத் தளர்த்துங்கள். கால் தரையில் பட்டதும் நேராக நிறுத்தாமல் முன்னே நடக்கவோ பக்கவாட்டில் திரும்பவோ விடுங்கள். நின்ற இடத்திலிருந்துதான் மறுபடி எழும்பும். எழும்பும் பழக்கமுள்ள குதிரை கற்றுக்கொள்பவருக்கானது அல்ல. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அதன் முதுகு, பல், சேணப் பொருத்தம் மூன்றையும் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும், மற்றதெல்லாம் பிறகு.

குதிரை துள்ள வேண்டுமானால் அது தன் தலையைக் கீழே இறக்கியாக வேண்டும், தலை மேலே இருந்தால் பலமாகத் துள்ள முடியாது. ஆகவே தோளைப் பின்னே வைத்து, அதன் தலை மேலே வர வாரோடு ஒரு கையை மேலே தூக்கி, காலால் முன்னே ஓட்டுங்கள்.

தடுக்கி விழுவதைப் பற்றிப் பேசும்போது மணலைப் பேசாமல் இருக்க முடியாது. அரீனா ஓரத்தில் குதிரைகள் தினமும் போகும் தடம் குழிந்து கெட்டிப்படும், நடுவில் மணல் குவியும். கெட்டித் தரையில் ஓடிய கால் திடீரென ஆழ மணலில் புதையும்போது தடுமாறுகிறது. கனமழைக்குப் பிறகு மணல் வடிகால் பக்கம் அரித்துப் போய், வேறிடத்தில் அடித்தளம் வழுக்கலாக மேலே தெரியும். வகுப்புக்கு முன் ஒருவர் அரீனாவை நடந்து பார்த்து, ஓரத்து மணலை வாரிச் சமப்படுத்துவது பத்து நிமிட வேலை. டிராட் எனும் துள்ளுநடை பழகத் தரையில் போடும் உருண்டைக் கட்டைகளும் குளம்பு பட்டால் உருளும், உருண்டால் குதிரை முழங்காலில் விழும். இரண்டு பக்கமும் பிடிப்பு வைத்து அசையாமல் நிறுத்துங்கள். இடைவெளி குதிரைக்கு 1.2 முதல் 1.4 மீட்டர், போனி எனும் சிறிய ரகக் குதிரைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. பெரிய குதிரைக்கு அளந்ததில் போனியை விட்டால் அது எட்டுவைக்கத் தெரியாமல் நடுக்கட்டையில் மிதிக்கும்.

தாண்டும் தடையில் ஆள் முன்னால் பறப்பது பெரும்பாலும் குதிரை நிற்பதால். அது ஏன் நிற்கிறது என்று கேளுங்கள். தடையின் அடியில் தரையில் போடும் கட்டை தடைக்கு முன்னால் இருக்க வேண்டும். அது பின்னால் தள்ளிப் போயிருந்தால் குதிரை தூரத்தைத் தப்பாகக் கணித்து, மிக அருகில் வந்து மாட்டிக்கொள்ளும். இரண்டு திசையிலும் தாண்டும் வகுப்பில் இது அடிக்கடி நடக்கிறது, திசை மாற்றும்போது கட்டையை மாற்றி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இரண்டு தடைகளுக்கு நடுவே கேன்டர் எனும் மெல்லோட்டத்தில் ஒரே ஒரு எட்டு வைத்துத் தாண்ட, இடைவெளி சுமார் 7.3 மீட்டர். பயிற்சியில் தடை தாழ்வாக இருந்தால் அதையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். கட்டை இல்லாத தூண்களில் காலிக் கொக்கிகளை விட்டுவைக்காதீர்கள், விழுபவரின் விலா அதில்தான் போய் மோதும். அகலத் தடையின் பின்கட்டைக்கு, பாரம் பட்டதும் கழன்றுவிடும் பாதுகாப்புக் கொக்கி கட்டாயம். அது கழலாவிட்டால் குதிரை முன்கால் மாட்டிக் குட்டிக்கரணம் அடிக்கும்.

இனி மிரட்சி. குதிரைக்கு ஏறக்குறைய 350 பாகை சுற்றிப் பார்க்கும் பார்வை உண்டு, நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. பார்வையின் ஓரத்தில் எது அசைந்தாலும் அது முதலில் நகரும், பிறகுதான் யோசிக்கும். நம் ஊரில் அசைவதற்குக் குறைவே இல்லை: வேலிமேல் குரங்கு, புதரிலிருந்து வரும் உடும்பு, புல்வெட்டும் இயந்திரம், பக்கத்துக் கட்டுமானத்தில் இறக்கும் இரும்புத் தகடு, தகரக் கூரையில் சட்டென இறங்கும் மழை. ஜூன், ஜூலை மாதங்களில் தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைக்காகப் போர் விமானங்கள் தாழப் பறக்கும், அந்தச் சனிக்கிழமை மாலைகளில் தொடக்கநிலை வகுப்பை நேரம் மாற்றி வைப்பது புத்திசாலித்தனம். இடி முழங்கத் தொடங்கினால் விவாதமே வேண்டாம், இறங்கிக் குதிரையை நடத்தி லாயத்துக்குள் கொண்டுபோங்கள். உலகில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று, திறந்த மணல்வெளியில் குதிரைமேல் இருப்பவர்தான் உயரமான பொருள்.

மிரளும் இடத்துக்கு முகத்தை நேராகத் திருப்பி வலுக்கட்டாயமாகக் காட்டாதீர்கள். தலையை அதற்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் வளைத்து, அந்த வளைவின் உள்பக்கத்தில் இருக்கும் உங்கள் காலால் முன்னே நடக்கவையுங்கள், அப்படிச் செய்தால் பக்கவாட்டில் பாய அதனால் எளிதில் முடியாது. கழுத்தைச் சுற்றிப் பழைய ஸ்டிரப் வார் ஒன்றைக் கட்டி, ஒரு விரலை அதில் வைத்திருந்தால் பாயும் நொடியில் பிடிக்க ஏதோ ஒன்று இருக்கும், குதிரையின் வாயையும் இழுக்க வேண்டாம். இத்தனை மலிவான பாதுகாப்பு வேறில்லை, ஆனாலும் பெரியவர்கள் அதைப் பிள்ளைகளுக்கானது என்று தவிர்க்கிறார்கள். இந்தத் தீவில் இடம் குறைவு, பல குதிரைகள் நாளின் பெரும்பகுதியை லாயத்தில்தான் கழிக்கின்றன. ஓய்வுநாள் கழிந்த மறுநாள் நேராகக் கற்றுக்கொள்பவரை ஏற்றாமல், பதினைந்து நிமிடம் லன்ஜில் விட்டோ தேர்ந்த ஒருவர் ஓட்டியோ தேங்கிய வேகத்தை இறக்க வேண்டும்.

பந்தயக் குதிரைகளைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். 1842இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசியாக ஓடி முடிந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, ஓய்வுபெற்ற தரோபிரெட் எனும் பந்தய இனக் குதிரைகள் இங்குள்ள ரைடிங் கிளப்புகளுக்கு வந்துகொண்டிருந்தன. அந்தக் குதிரை கற்ற பாடம் வேறு. ஜாக்கி வாரைக் குறுக்கி வாயில் பாரம் கொடுத்தால் அது அதில் சாய்ந்து வேகமெடுக்கும். பயந்துபோன சவாரியாளர் இரண்டு கையாலும் இறுக்கி இழுத்து, முன்னால் குனிந்து, முழங்காலால் கவ்வினால், பந்தய மைதானத்தின் பழைய கட்டளையைத்தான் மறுபடி கொடுக்கிறார். நிமிர்ந்து உட்காருங்கள், மூச்சை வெளியே விடுங்கள், வாரை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, பெரிய வட்டத்தில் திருப்புங்கள். 20 மீட்டர் வட்டம், பிறகு 15, பிறகு 10. வட்டம் சுருங்கினால் வேகம் தானே இறங்கும். முழு வேகத்தில் ஒரு பக்கம் வெடுக்கென்று இழுத்தால் குதிரை கால் பின்னி விழும். வேலியை நோக்கி நேராகவும் ஓட்டாதீர்கள், கடைசி நொடியில் அது திரும்பும், நீங்கள் திரும்ப மாட்டீர்கள்.

ஹெல்மெட்டைத் தாண்டல் வகுப்புக்கு மட்டும் என்று நினைப்பவர்கள், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சவாரி செய்த கோர்ட்னி கிங்-டையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2010 மார்ச்சில் ஃபுளோரிடாவில், சமதரையில் குதிரையைப் பழக்கும்போது, குதிரை தன் காலிலேயே தடுக்கி விழுந்தது. தலையில் ஹெல்மெட் இல்லை. மண்டையோடு உடைந்து வாரக்கணக்கில் கோமாவில் இருந்தார். அனைத்துலகக் குதிரை விளையாட்டுச் சம்மேளனம் சமதரையில் அசைவுகளைக் காட்டும் டிரெஸாஜ் போட்டியிலும் ஹெல்மெட்டை எல்லாருக்கும் கட்டாயமாக்கியது 2021 ஜனவரியில்தான். வாங்கும்போது உள்ளே பிஏஎஸ் 015, விஜி1, ஏஎஸ்டிஎம் எஃப்1163 என ஏதாவது ஒரு தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நிற்க வேண்டும், தாடை வாரை மாட்டாமல் தலையை ஆட்டினாலும் ஆடக் கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்நுரை நசுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள். அடிபடாவிட்டாலும் ஐந்தாண்டுக்கு மேல் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரில் அதைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். காற்றடைக்கும் மேலங்கி போட்டவர்கள் இறங்குமுன் சேணத்தோடு இணைத்த கயிற்றைக் கழற்ற மறந்தால், அது வெடித்து உப்பும் சத்தத்தில் பக்கத்துக் குதிரையும் பாயும்.

ஆள் விழுந்ததும் அரீனாவில் இருக்கும் எல்லாரும் குதிரையை நிறுத்த வேண்டும். தப்பிய குதிரையைத் துரத்தாதீர்கள், ஒருவர் மட்டும் நிதானமாகப் போய்ப் பிடிக்கட்டும். விழுந்தவரைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தும் நம் வழக்கம் இங்கே ஆபத்து. அவராக எழும்வரை படுத்திருக்கட்டும். கழுத்து வலி, கை கால் மரத்தல், நினைவு தப்பியது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இவற்றில் எது இருந்தாலும் அசைக்காதீர்கள். மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டைக் கழற்றாமல் 995ஐக் கூப்பிடுங்கள். கிளப்பின் அஞ்சல் குறியீடு அரீனா வாசலில் பெரிய எண்களில் எழுதியிருக்க வேண்டும், பதற்றத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது. ஒருவர் முன்வாயிலுக்குப் போய் ஆம்புலன்சுக்கு வழிகாட்டட்டும். வயிற்றிலோ இடது விலாவிலோ உதை பட்டவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், பிறகு இடது தோள் நுனியில் வலி வந்தால் அது மண்ணீரல் கசிவாக இருக்கலாம், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். லாயத்து மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும். அழுக்கான காயம் பட்டு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்தாண்டு ஆகியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

"உடனே ஏறிடு, இல்லாட்டி பயம் ஒட்டிக்கும்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். தலையில் அடிபட்டவர் அன்று மறுபடி ஏறவே கூடாது. மூளை அதிர்ச்சி என்று மருத்துவர் சொன்னால் முதல் 24 முதல் 48 மணிநேரம் ஓய்வு, பிறகு படிப்படியாக, மருத்துவர் அனுமதித்த பிறகே சவாரி. பயத்துக்கு மருந்து வேறு: கொஞ்சநாள் கழித்து, அமைதியான வேறொரு குதிரையில், கோச் கையில் லன்ஜ் கயிறு இருக்க, நடையில் மட்டும் அரைமணி நேரம்.

ஒவ்வொரு விழுதலையும் கிளப் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்: தேதி, நேரம், குதிரையின் பெயர், அரீனாவின் ஓரத்தில் இடங்குறிக்க வைத்திருக்கும் எந்த எழுத்துக்கு அருகில், எந்தச் சேணம், வானிலை. சில மாதத்தில் புரட்டினால் ஒரே மூலை, ஒரே குதிரை, ஒரே சேணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பிள்ளையைச் சேர்க்குமுன் அந்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அது பெற்றோரின் உரிமை.